காலித் தட்டுகள்

நகரத்து வாடகை கட்டுப்படியாகாமல் ஒரே வீட்டில் குடியிருக்கும் இளம்பரிதியும் நித்திலாவும், அவளைப் பெண் பார்க்க அவன் வீட்டார் வந்திருந்த கூடத்தில் முன்பின் தெரியாதவர்களைப் போல உட்கார்ந்திருந்தார்கள். விஷயம் வெளியே தெரிந்தால் கல்யாணம் நடக்காது.

"எங்க பையன் பொண்ணுங்கள நிமிந்துகூடப் பாக்க மாட்டான்" என்று செருமிக்கொண்டே சொன்னார் பையனின் பெரியப்பா.

கேசரி முடிந்தது. இளம்பரிதி பழக்கதோஷத்தில் எழுந்து, எல்லாருடைய தட்டுகளையும் அடுக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தான்.

"வைடா, இன்னிக்கு என் முறை!" என்று பட்டுப்புடவையோடு பின்னால் ஓடினாள் நித்திலா.

கூடத்தில் பெரியப்பா ஜாதகத்தால் விசிறிக்கொண்டார். பையனின் அம்மா மட்டும் நிதானமாக எழுந்துபோய், தன் காபி டம்ளரையும் தொட்டியில் போட்டுவிட்டு வந்தாள்.

"எங்க வீட்ல ஒரு ஸ்பூன் கழுவுனதில்லீங்க இவன்" என்றாள் பெண்ணின் அம்மாவிடம். "முகூர்த்தத்தக் கொஞ்சம் முன்னாலயே வைங்க, சம்பந்தி."