புர்கியின் கட்டைவிரல்

"இவளுக்கு ஒரு சைஸ் பெரிய பூட்ஸ் குடு, செவரின். இல்லேன்னா காலையே மாத்திக் குடு."

கடைக்குள் காலெடுத்து வைக்கும்போதே ரூப்பெர்ட் கிழவரின் குரல் எல்லாருக்கும் கேட்டது. பின்னால் புர்கி, பூட்ஸை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தலையைக் குனிந்தபடி வந்தாள்.

சனிக்கிழமை. பழைய விருந்தாளிகள் பள்ளத்தாக்கை விட்டுப் போய், புது விருந்தாளிகள் வந்து இறங்கும் நாள். காலையிலிருந்து முட்டி போட்டு, ஊர் பேர் தெரியாத கால்களையெல்லாம் பனிச்சறுக்கு பூட்ஸில் நுழைத்து நுழைத்துக் கடைக்காரன் செவரின் ஓய்ந்து போயிருந்தான்.

மறுநாள் சர்ச் முடிந்ததும் ஊர்ச் சங்கத்தின் ஜோடிப் பந்தயம். பனிச்சரிவில் புருஷன் சறுக்கி இறங்கும் நேரமும் பெண்டாட்டி இறங்கும் நேரமும் சேர்த்துத்தான் கணக்கு. ஒருவர் வராவிட்டால் மற்றவருக்கும் இடமில்லை. கல்யாணமான வருஷத்திலிருந்து ரூப்பெர்ட்டும் புர்கியும் அதைத் தவற விட்டதில்லை. இந்த வருஷம் புர்கியின் கட்டைவிரல் குறுக்கே நின்றது.

"இத்தனை வருஷம் வராத வலி இப்ப எங்கேருந்து வந்துது? நானா இவ பூட்ஸுக்குள்ள புகுந்து கடிக்கிறேன்?"

காத்திருந்த ஒரு விருந்தாளி அம்மாள் கிழவரை முறைத்துவிட்டு, எழுந்து தன் நாற்காலியைப் புர்கிக்குக் கொடுத்தாள்.

பெரிய சைஸ் கூடவே கூடாது என்றான் செவரின். பூட்ஸ் பெரிதாக இருந்தால் இறக்கத்தில் கால் உள்ளே ஓடி ஓடி விரல் போய் முட்டும், நகம் கறுப்பதே அதில்தான் என்று எடுத்துச் சொன்னான். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது ஏறாது. விரல் வலித்தால் பெரிய பூட்ஸ், குளிர் எடுத்தால் ரெண்டு ஜோடி கம்பளி சாக்ஸ். அப்பன் காலத்திலிருந்து அதுதான் வழக்கம்.

பூட்ஸின் உள்ளுறையை உருவி எடுத்துவிட்டு, வெறும் பிளாஸ்டிக் ஓட்டுக்குள் புர்கியை நிற்க வைத்தான். விரலை முன்னால் தொட வைத்து, குதிகாலுக்குப் பின்னால் தன் விரல்களைவிட்டுப் பார்த்தான். இடைவெளி சரியாக இருந்தது. உள்ளுறையைத் திரும்பப் போட்டு, ஒரே ஒரு மெல்லிய சாக்ஸோடு காலை நுழைத்து, குதிகாலைத் தரையில் தட்டச் சொல்லி, கொக்கிகளை மாட்டினான்.

"முட்டிய மடக்குங்க. விரல் பின்னால வருதா?"

"வருது."

"நிமிர்ந்தா?"

"லேசாத் தொடுது."

அப்படித்தான் இருக்க வேண்டும்.

"வலிக்குதா பெரியம்மா?"

புர்கி புருஷனை ஒரு தரம் பார்த்தாள். "வலிக்குது."

கிழவர் மறுபடி ஆரம்பிப்பதற்குள் வெளியே ஹாரன் அடித்தது. விருந்தாளிகளை இறக்க வந்த பஸ்ஸுக்கு அவருடைய டிராக்டர் வழியை மறித்துக்கொண்டு நின்றது. முணுமுணுத்தபடி வெளியே போனார்.

செவரின் பூட்ஸைக் கழற்றி, சாக்ஸையும் உருவினான். நகம் ஒட்ட வெட்டியிருந்தது. கறுப்பு இல்லை, சிவப்பு இல்லை, காய்ப்பு இல்லை. விரலை அழுத்திப் பார்த்தான். அவள் முகம் சுளிக்கவில்லை.

"இந்த விரலுக்கு ஒண்ணும் இல்லையே."

"இல்லப்பா." புர்கி குரலைத் தாழ்த்தினாள். "கோடையில புல் வாரும்போது அவர் மேட்டுலயே சாய்ஞ்சுட்டார். வெயிலுன்னு சொல்லி மழுப்பிட்டார். இப்ப மாட்டுக் கொட்டிலுக்குப் போய் வரவே நின்னு நின்னு மூச்சு வாங்குறார். வேண்டாம்னு சொன்னா கேக்குற ஆளா அவர்? என் விரல் வலிச்சாத்தான் நிப்பார்."

"அதுக்காக இவ்வளவு திட்டா?"

"திட்டு என்னப்பா, கேட்டுப் பழகினதுதானே. நீ மட்டும் பூட்ஸைச் சரி பண்ணிடாதே."

ரூப்பெர்ட் திரும்பி வந்தபோது செவரின் அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னான். பூட்ஸில் குறை இல்லை, விரலுக்குத்தான் ஓய்வு வேண்டும், நாளைக்கு இறங்க வேண்டாம் என்று.

"கேட்டியா சேதிய? அடுத்த வருஷத்துக்கு விரல் உள்ள பொண்டாட்டியா ஒருத்தியப் பார்த்துக்க வேண்டியதுதான்."

விருந்தாளி அம்மாள் எல்லாருக்கும் கேட்கும்படி உச்சுக் கொட்டினாள். புர்கி தன் காலணியை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தாள்.

அவளை டிராக்டரில் ஏற்றி உட்கார வைத்துவிட்டுக் கிழவர் தனியாகத் திரும்பி வந்தார். இன்னும் கொஞ்சம் வசவு பாக்கி இருக்கிறது போல என்று செவரின் நினைத்தான். கிழவர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் மூச்சு வாங்கினார்.

"அவ விரல்ல ஒண்ணும் இல்லதானே?"

செவரின் குனிந்து கீழே கிடந்த சாக்ஸைப் பொறுக்கினான்.

"சொல்ல வேண்டாம். எனக்குத் தெரியும். இந்த வருஷம் என்னால இறங்க முடியாது, செவரின். நெஞ்சு ஒத்துழைக்கல. டாக்டரும் சொல்லிட்டார். அது அவளுக்குத் தெரியாது."

செவரினுக்குக் கோபம் வந்தது. "அப்படின்னா சரின்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே? அந்த அம்மாவ எதுக்கு இத்தனை பேர் முன்னால திட்டுறீங்க?"

கிழவர் கண்ணாடிக் கதவு வழியே டிராக்டரைப் பார்த்தார்.

"வாயை மூடிக்கிட்டு சரின்னுட்டேன்னா, எனக்கு நிஜமாவே முடியலைன்னு அவளுக்குத் தெரிஞ்சுடும். நான் திட்டுற சத்தம் கேக்குற வரைக்கும்தான் அவ நிம்மதியாத் தூங்குவா."