எட்டாவது கட்டம்

சிறு பத்திரிகைகளுக்கான அரசு உதவித்தொகைப் படிவத்தில் ஏழு கட்டங்களை இசக்கியம்மாள் மளமளவென்று நிரப்பிவிட்டாள். அவள் நடத்தும் நான்கு பக்க வாரப் பத்திரிகைக்கு இந்தத் தொகை வந்தால்தான் அடுத்த இதழ். எட்டாவது கட்டத்தில் ‘வெளியிடாத செய்திகள்’ என்றிருந்தது. ‘இல்லை’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, அலுவலக ஜன்னல் வழியாக நீட்டினாள்.

உள்ளே இருந்த பெண் குமாஸ்தா ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். எட்டாவது கட்டத்தில் விரல் நின்றது.

“இல்லன்னு போட்டிருக்கியளேக்கா. பாலத்து விரிசல் விஷயம் ஒண்ணு இருந்துச்சே?”

போன செவ்வாய்க்கிழமை பூட்டிய அறையில் இசக்கியம்மாள் பென்சிலால் எழுதிய செய்தி அது. உதவித்தொகை ஞாபகம் வந்ததும் அந்தத் தாளை அடுப்பில் காட்டி எரித்துவிட்டாள். புருஷனிடம்கூடச் சொல்லவில்லை.

“அது... வேண்டாம்னு நானே விட்டுட்டேன்.”

“தெரியும்க்கா. அதுனாலதான் உதவித்தொகைப் பட்டியல்ல உங்க பேரு மொதல்ல இருக்கு.” அவள் சிரித்துக்கொண்டே படிவத்தைத் திருப்பித் தந்தாள். “இந்தக் கட்டத்துல ‘இல்லை’ன்னு இருக்கப்படாது. மறந்திருந்தா நான் சொல்லுதேன், எழுதிக்கிடுங்க.”

அவள் சொல்லச் சொல்ல இசக்கியம்மாள் எழுதினாள். புதுப் பாலத்தின் அடியில் கை நுழையும் அளவுக்கு விரிசல். பூசி மறைத்த சிமெண்டு. எல்லாம் எரித்த தாளில் இருந்த வார்த்தைகள், அதே வரிசையில். கடைசி வரியும் முடிந்தது. குமாஸ்தா நிறுத்தவில்லை.

“அந்தப் பாலத்து மேல தினமும் போற பள்ளிக்கூட வண்டியில எம் மகளும் இருக்கா.”

தன் மகளைப் பற்றிய அந்த வரியை இசக்கியம்மாள் எரித்த தாளில் எழுதவே இல்லை. அன்றைக்கு மனசுக்குள் நினைக்க மட்டும்தான் செய்தாள்.

“எழுதுங்கக்கா” என்றாள் குமாஸ்தா.