வெர்னனுக்குத் தூக்கிய மேடை

மழை விட்ட தீவின் ஓடுபாதையில் வெயில் வழுக்குகிறது. காலையில் சோதனைக்காக வெடித்த அணுகுண்டின் மேகம் காளான் உருவம் கலைந்து, அழுக்குப் பஞ்சாய்க் கிழக்கே கிடக்கிறது. அதற்குள் புகுந்து தூசியைப் பிடித்துவரப் போன ஜெட் விமானங்களில் வெர்னனுடையது மட்டும் இன்னும் வரவில்லை. மேகத்துக்குள் போய்வந்த விமானத்தின் வெளிப்புறத்தில் விமானியின் கைகூடப் படக்கூடாது. இருக்கையிலிருந்தே அவனை வாங்கி இறக்க, ஹோலிஸ் தன் ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் மேடையை உயரத் தூக்கி வைத்துக் காத்திருக்கிறான். எஞ்சின் விடாமல் உறுமுகிறது. வானொலிக் கூடாரத்திலிருந்து சார்ஜென்ட் மக்ரூடர் தொப்பியைக் கையில் பிடித்தபடி வருகிறார். "எஞ்சினை அணைச்சிடுப்பா, ஹோலிஸ். எரிபொருள் தீந்துபோச்சுன்னான். கடல் தெரியுதுன்னான். அப்புறம் சத்தமே இல்ல." ஹோலிஸ் திரும்பிப் பார்க்கவில்லை. "அணைச்சா இந்தச் சனியன் லேசுல கிளம்பாது, சார்ஜென்ட். அவன் வந்து மேல உக்காந்துக்கிட்டு என்னைத்தான் திட்டுவான்." "உடம்புல ஈயச் சட்டை போட்டிருக்கான்டா. தண்ணியில எப்படிடா மிதப்பான்?" கதிர்வீச்சு தாக்காமலிருக்கப் போட்ட சட்டை அது. காலையில் அதன் வாரை இழுத்துக் கட்டியது, விமானிகளுக்கு உடை மாட்டிவிடும் நான்தான். "மூச்சு முட்டுதுடா, கடன்காரா" என்று சிரித்தான் வெர்னன். நான் என் விரல்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். ஃபோர்க்லிஃப்ட் இரண்டு தரம் இருமுகிறது, குலுங்குகிறது, தானாகவே நின்றுபோகிறது. அதன் டாங்கியும் காலி. இத்தனை நேரம் கேட்காத அலைச்சத்தம் இப்போது கேட்கிறது. மேடை மட்டும் தூக்கிய உயரத்திலேயே நிற்கிறது.