மன்றத்துக்காக

"மைக்கப் பாக்காதீங்க. நான் இங்க இல்லன்னு நெனச்சிக்கினு, எப்பவும் போல நீங்க ரெண்டு பேரும் பேசுங்க" என்றாள் மணிமொழி.

எப்பவும் போல என்றால் பேசாமல்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். பொன்னுரங்கமும் அவர் மனைவி அமிர்தமும் பங்குனியில் நிறுத்திய பேச்சு, ஆடி பிறந்தும் திரும்பவில்லை. மகளைக் கட்டிக் கொடுத்துவிட்ட வீடு. இருப்பது இரண்டே பேர், நடுவில் ஒரு கோழி. "ஏ கோழி, சோறு ஆறிப் போவுதுன்னு சொல்லு" என்பாள் அவள். "ஏ கோழி, கொல்லையில தண்ணி கட்டிட்டு வந்து துன்னுக்கறேன்னு சொல்லு" என்பார் இவர். கோழி பாட்டுக்கு மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கும்.

பொன்னுரங்கத்துக்கு அலுத்துவிட்டது. நாள் முழுக்க மரவள்ளிக் கொல்லையில் தனியாகக் கிடந்துவிட்டு, வீட்டுக்கு வந்தும் கோழி முகத்தில் விழிப்பது என்ன பிழைப்பு? ஆனால் முதலில் இறங்கிப் போவது யார்? வீம்பு விடவில்லை.

அந்த நேரத்தில்தான் டீக்கடையில் அந்தச் சேதி காதில் விழுந்தது. தேசிய மொழியாய்வு மன்றம் என்று ஒன்றாம். நாடு முழுக்க மொழியை ஆராய்கிறவர்களுக்கும் அதைக் கற்றுக்கொடுக்கிறவர்களுக்கும் கைகொடுக்கிற படித்தவர்களின் சங்கமாம். கல்வராயன் மலையடிவாரத்துச் சனங்கள் வீட்டுக்குள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று பதிவு செய்ய ஒரு பெண்ணை அனுப்பியிருக்கிறதாம். அவள் சங்கராபுரத்தில் தங்கியிருக்கிறாளாம். பொன்னுரங்கம் அன்றைக்கே வண்டியை எடுத்துக்கொண்டு போய் அவள் முன்னால் நின்றார்.

"எங்க வூட்டுக்கு வாம்மா. ஆனா நான் கூப்ட்டுத்தான் வந்தன்னு அவளுக்குத் தெரியக் கூடாது. தானா வந்த மாரி வரணும்."

விஷயம் முழுவதையும் கேட்ட மணிமொழி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்தால் சிரிக்கட்டும், வந்தால் சரி என்று விட்டுவிட்டார்.

இதோ, வந்தும் விட்டாள். "யாரும்மா நீ, எந்த ஊரு?" என்று கேட்டு இவரும் நடித்தாகிவிட்டது. "மன்றமாவது மண்ணாங்கட்டியாவது" என்று அமிர்தம் முணுமுணுத்தாள். முணுமுணுத்தாளே ஒழிய, தீபாவளிக்கு எடுத்த புடவையைக் கட்டியிருந்தாள். கோழியோ என்றும் இல்லாத வழக்கமாகக் கூடைக்கடியில் அடைந்து கிடந்தது. பருந்து சுற்றியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

கோழி இல்லாமல் எப்படித் தொடங்குவது? தொண்டையைச் செருமி, "ஏம்மா, அவள டீ போடச் சொல்லு" என்று மணிமொழியிடமே சொன்னார்.

"ஊடால ஆள வெச்சிப் பேசினா மன்றத்துல ஏத்துக்க மாட்டாங்கண்ணே. வெளியாளுகிட்ட பேசற பேச்சு வேற, வூட்டாளுகிட்ட பேசற பேச்சு வேற. எனக்கு வூட்டுப் பேச்சுதான் வேணும். மைக்கக் கண்டாலே எல்லாரும் நியூஸ் வாசிக்கிறாங்க. இப்பிடியே போனா மன்றத்து மாநாட்டுல நான் இன்னாத்தப் போட்டுக் காட்டறது?"

அது போதும், பொன்னுரங்கத்துக்கு வழி திறந்துவிட்டது. சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "படிச்ச பொண்ணு, பாவம். மன்றத்துக்காகப் பேசறேன். டீ போடு."

"நானும் மன்றத்துக்காகத்தான் போடறேன்" என்று எழுந்தாள் அமிர்தம்.

டீயை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தவள், புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "மன்றத்துக்காகக் கேக்கறேன். பங்குனியில எங்கண்ணன் வூட்டுக் காதுகுத்துல எலையில குந்தாம ஏன் எழுந்து வந்தீங்க?"

"ஊர்ல இருக்கறவனையெல்லாம் கையப் புடிச்சி இட்டுக்கினு போயி பந்தியில குந்த வெக்கறான் ஒங்கண்ணன். தங்கச்சி புருசன் நானு, பந்தக்காலப் புடிச்சிக்கினு நிக்கறேன். வாங்க மாப்ளேன்னு ஒரு வார்த்த கேட்டானா?"

"ஊராரோட ஒங்களக் குந்த வெப்பானா? உள் ரூம்புல பாய் விரிச்சி, தலவாழ எல போட்டு வெச்சிருந்தான். கூப்புட வாசலுக்கு வர்றதுக்குள்ள வண்டிய எடுத்துக்கினு போய்ட்டீங்க. எங்கண்ணன் ஊரு மணலூர்பேட்டையே பாத்துச் சிரிச்சுது."

பொன்னுரங்கத்துக்குச் சுரீர் என்றது. "இத ஏன் நீ சொல்லல?"

"கோழிகிட்ட சொல்லி வுடற சேதியா இது?"

அவர் அவள் பக்கம் திரும்பினார். டீ ஆறிக்கொண்டிருந்தது. பிறகு மெல்லக் கேட்டார்: "அன்னிக்கி நீ துன்னியா?"

"நீங்க சாப்டாம வந்துட்டீங்க. எனக்கு எப்டி எறங்கும்?" சொல்லும்போதே அமிர்தத்தின் கண் கலங்கிவிட்டது.

"தப்பு எம்மேலதான் அமிர்தம். நாளைக்கே ஒங்கண்ணன் வூட்டுக்குப் போவலாம். அன்னிக்கி வுட்ட சோத்த ரெண்டு பேருமா துன்னுட்டு வருவோம்." மன்றத்துக்காக என்று சேர்த்துக்கொள்ள மறந்தே போனார். நெஞ்சின் மேல் இத்தனை நாள் கிடந்த பாறாங்கல்லை யாரோ தூக்கிப் போட்டாற்போல் இருந்தது.

அப்புறம் யார் நிறுத்துவது? மகளுக்கு எப்போது வளைகாப்பு வைப்பது, மரவள்ளியை எப்போது பிடுங்குவது என்று பேச்சு ஓடியது. மணிமொழி மூன்று தரம் "போதுங்க" என்றாள், இருவர் காதிலும் விழவில்லை. கடைசியில் அவளே மைக்கைக் கழற்றினாள். "சண்ட போட்டத அழிச்சிடறேன்க்கா. அதுக்கப்பறம் பேசினீங்களே, அதான் எனக்கு வேணும். இந்தப் பக்கம் வந்ததுல இதான் மொத நல்ல பதிவு."

பொன்னுரங்கம் அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் பஸ் நிறுத்தத்தில் இறக்கினார். வழியெல்லாம் அவருக்குச் சிரிப்பாகவே வந்தது.

"நல்லாருப்ப தாயி. ஆனா ஒன்னத் தேடிக்கினு வந்தது நானுதான்னு அவளுக்கு ஆயுசுக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சா என் மானமே பூடும்."

பஸ் வந்து நின்றது. படியில் காலை வைத்த மணிமொழிக்கு அதற்கு மேல் சிரிப்பு அடங்கவில்லை.

"நீங்க வந்ததுக்கு மொத நாளே சங்கராபுரத்துக்கு பஸ் ஏறி வந்து, அக்காவும் இதையேதாங்கண்ணே சொல்லிட்டுப் போனாங்க!"