தன் மேல் ஒரு புகார்

"இந்தப் பொண்ணுதான் மேடம், என் பையன் பொழப்புல மண்ணள்ளிப் போட்டது!"

பழைய கார் வியாபாரி மேஜையைத் தட்டிய தட்டில் தேர்வு அதிகாரியின் டீ கப் ஒரு அங்குலம் நகர்ந்தது.

சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வு முடிவு முந்தின நாள்தான் வந்திருந்தது. இருபத்தாறு நாள் காத்திருப்பு. அந்த இருபத்தாறு நாளும் கடைக்கு வந்தவர்களிடம், "பையன் வக்கீல். வண்டி சரியில்ல, கேஸு கீஸுன்னு கிளம்பிடாதீங்க" என்று சொல்லிச் சொல்லியே வண்டி விற்றிருந்தார்.

கடைசியில் வந்தது எழுபத்தொண்ணு. சீட்டுக்கு வேண்டியது எழுபத்தேழு.

"வீட்டுல போட்ட மாடல் டெஸ்ட் ஒண்ணுல கூட தொண்ணூறுக்குக் குறைஞ்சதில்ல மேடம்! இங்க வந்து மட்டும் எப்படிக் குறையும்?"

பையன் முடிக்கும்வரை வீட்டுக் கடிகாரத்தை நிறுத்தி வைத்திருந்ததை மட்டும் அவர் சொல்லவில்லை.

அதிகாரி கோப்பைத் திறந்தார். "பிறவியிலேயே பையனுக்கு வலது கை விளங்காதுன்னு டாக்டர் சான்றிதழ் கொடுத்திருக்கீங்க. அதனாலதான் நாற்பது நிமிஷம் கூடுதலாக் கொடுத்தோம். அவர் சொல்லச் சொல்ல எழுத இந்தப் பொண்ணையும் கொடுத்தோம்."

"கொடுத்தீங்களே, அதுதான் வினை! கண்ணை மூடிக்கிட்டு விடைத்தாள்ல கண்ட வட்டத்தைக் கருப்படிச்சிருக்கு."

பள்ளிச் சீருடையில் மூலையில் நின்றவள் ஒரு அடி முன்னால் வந்தாள். பதினோராம் வகுப்பு.

"இல்ல சார். அண்ணன் சொன்னதைத்தான் எழுதினேன். ஒவ்வொண்ணையும் திருப்பிப் படிச்சுக் காட்டினேன்."

"நீ பேசாதே! எத்தனை கில்லாடிங்களை நான் பார்த்திருப்பேன், எங்கிட்டயேவா?"

பையன் வலது கையை பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டபடி தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வியாபாரி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரல் குழைந்தது. விலை படியாதபோது வரும் குரல்.

"மேடம், நியாயமாப் பேசுவோம். பத்தொம்பது மார்க் போயிருக்கு. நான் பத்தொம்பதும் கேக்கல. உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம். ஆறுல முடிச்சுக்குவோம்."

"இது மார்க் சார், மாருதி இல்ல."

"சரி, வேற வழி?"

"இவங்க மேல எழுத்துல புகார் கொடுக்கலாம். விசாரிப்போம். யார் மேல தப்புன்னு வருதோ, அவங்க மூணு வருஷத்துக்கு இந்தப் பரீட்சை எழுத முடியாது."

பெண்ணின் முகம் செத்துப்போனது. "மேடம், அடுத்த வருஷம் நானும் இதே பரீட்சைதான் எழுதப் போறேன். ஹால் எப்படி இருக்கும்னு பார்க்கத்தான் இந்த வேலைக்கே வந்தேன்."

"நல்லாப் பார்த்துக்கோ, இனிமே பார்க்க முடியாது" என்றார் வியாபாரி. "பேப்பரைக் கொடுங்க மேடம், நானே எழுதறேன்."

"சொந்தக்காரங்க எழுதினா செல்லாது. பரீட்சை எழுதினவர்தான் எழுதணும். கை முடியலைன்னா, அவருக்குன்னு நாங்க போட்ட ஆள் எழுதலாம்."

"யாரு அந்த ஆளு?"

அதிகாரி பட்டியலைப் புரட்டினார். பையனின் எண்ணுக்கு எதிரே ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. மூலையைப் பார்த்தார்.

"இதுவா! தன் மேலயே புகாரா!"

"ரூல் அப்படித்தான் சார் இருக்கு."

வியாபாரி யோசித்தார். "எழுதட்டும். யார் எழுதினா என்ன, கையெழுத்தா முக்கியம்?"

அந்தப் பெண் பையனுக்கு எதிரே உட்கார்ந்து பேனாவைத் திறந்தாள். வியாபாரி பையன் காதில் ஓதினார். பையன் முணுமுணுத்தான். அவள் எழுதினாள்.

"எனக்கு எழுத வந்தவர் பொறுப்பில்லாமல் தவறான விடைகளைக் குறித்தார்..."

நிறுத்தி நிமிர்ந்தாள். "பொறுப்பில்லாமல்னு போட்டாப் போதுமா அண்ணா? இல்ல, வேண்டுமென்றேன்னு போடணுமா?"

"வேண்டுமென்றேன்னு போடு! போடு!" என்றார் வியாபாரி.

"அண்ணன் சொல்லணும் சார். அப்பத்தான் எழுதலாம்."

பையன் அவள் கையிலிருந்த பேனாவையே பார்த்தான்.

"சரி, இதுவரைக்கும் எழுதினதைப் படிக்கறேன். நீங்க சொன்ன மாதிரியே இருக்கான்னு பாருங்க அண்ணா."

படித்தாள். ஒரு வார்த்தை விடவில்லை, ஒரு வார்த்தை மாற்றவில்லை.

பையன் மேஜை மேல் குனிந்து தாளைத் தன் பக்கம் இழுத்தான். பேனாவையும் வாங்கிக்கொண்டான்.

"டேய்! என்னடா பண்றே?" வியாபாரி எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. "மேடம், விடுங்க, புகாரே வேணாம். பாவம், படிக்கிற பொண்ணு! நான் மன்னிச்சுட்டேன். நமக்கும் பிள்ளைங்க இருக்கு இல்ல? வாடா போகலாம்!"

பையன் தலை நிமிராமல் எழுதி முடித்தான். அவர் எட்டிப் பிடிப்பதற்குள் தாள் அதிகாரியின் கைக்குப் போய்விட்டது. அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்கப் படித்தார்.

"மேலே உள்ளது பொய். இவர் நான் சொன்னதை மட்டும்தான் எழுதினார். தப்பான விடைகள் எல்லாம் என்னுடையவை. இதை நானே, என் வலது கையால் எழுதியிருக்கிறேன்."