எழுதாமல் விட்ட வரி

அம்மா மண்டபம் சாலையில் ஜட்காவை விட்டு இறங்கும்போதே பெரியண்ணன் கொதித்துக்கொண்டிருந்தார். ஸ்ரீரங்கத்தில் பதினோரு சுவர். ஒன்றில்கூட அந்த வரி இல்லை.

அவர் ஒரு சீமைப் பால்மாவுக் கம்பெனிக்குத் திருச்சி ஏஜென்ட். லண்டனிலிருந்து வந்த விளம்பரப் படத்தில் செம்பட்டை முடியும் பூனைக்கண்ணுமாக ஒரு வெள்ளைக்காரக் குழந்தை இருந்தது. இங்கே அது எடுபடாது, நம் ஊர்க் குழந்தையாக மாற்றி வரையுங்கள் என்று ஓவியர் ஜெகபர் அலியிடம் சொல்லியிருந்தார்.

அலி நன்றாகவே வரைந்திருந்தார். கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு, இடுப்பில் அரைஞாண், காலில் தண்டை. காவிரிக்குக் குளிக்கப் போகிற பெண்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஆனால் படத்துக்குக் கீழே கம்பெனி எழுதச் சொன்ன 'தாய்ப்பாலைவிட மேலானது' என்பதை மட்டும் எழுதவில்லை.

"நாளைக்கு மெட்ராஸ்லேருந்து கம்பெனி துரை வரார். என்ன பாய், மறந்துட்டீங்களா?"

"மறக்கலைங்க. அது என் கையால வராது."

ஒப்புக்கொண்ட வேலையை இப்படி அரைகுறையாக விடலாமா என்று சுற்றி நின்றவர்களும் கேட்டார்கள்.

அலி பிரஷை அலசியபடியே சொன்னார். அவருடைய தங்கை வஹீதாவுக்குப் பாலுக்குக் குறைவில்லை. பாலக்கரைச் சுவரில் இந்த வரியைப் படித்துத்தான் பாலை நிறுத்திவிட்டு டப்பாவுக்கு மாறினாள். அடிக்கடி டப்பா வாங்க வழியில்லாமல், தண்ணீரைக் கூட்டிக் கூட்டிக் கரைத்துக் கொடுத்தாள். குழந்தை நாலு மாசம்கூட இருக்கவில்லை.

"அந்தச் சுவத்துல எழுதினது நான்தாங்க" என்றார் அலி.

சுற்றி நின்றவர்கள் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். பெரியண்ணன் மட்டும் அடங்கவில்லை.

"தண்ணியை ஊத்தினது உங்க தங்கச்சி. அதுக்கு டப்பா என்ன செய்யும்? சீமை டாக்டருங்க ஆராய்ஞ்சு சொன்னது. அவங்களைவிட உங்களுக்குத் தெரியுமா?"

இனி வேலைக்கு வர வேண்டாம் என்று அங்கேயே அனுப்பிவிட்டார். அலி வாளியைத் தூக்கிக்கொண்டு பாலத்துப் பக்கம் நடந்தார்.

வேறொரு ஓவியரை, தங்கையனை, வரவழைத்து, சாயங்காலத்துக்குள் பதினோரு சுவரிலும் அந்த வரியை எழுத வைத்தார் பெரியண்ணன். ஒவ்வொன்றையும் எழுத்துக்கூட்டிப் படித்துச் சரிபார்த்த பிறகே உறையூர் வீட்டுக்குத் திரும்பினார்.

பிரசவத்துக்கு வந்து பிள்ளை பெற்றிருந்த மகள் வள்ளிக்கண்ணு, அப்பாவின் சாம்பிள் பெட்டியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து, வெந்நீரில் மாவைக் கரைத்துக்கொண்டிருந்தாள்.

பெரியண்ணன் கிண்ணத்தைப் பிடுங்கி முற்றத்தில் கொட்டினார்.

"தாய்ப்பாலைவிட மேலானதுன்னு நீங்கதானேப்பா எழுதி வச்சிருக்கீங்க?" என்றாள் அவள் குழப்பத்தோடு.

"அது ஊருக்கு எழுதினதும்மா. பிள்ளைக்கு நீ தாய்ப்பாலையே கொடு."