ஒரே சுற்றில்

"அந்த மனுஷன் வர நேரமாச்சு. பொண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பற மாதிரி கண்ணைக் கசக்கிண்டு நிக்காதேள்!" என்றாள் ஜெயலக்ஷ்மி.

சுவாமிநாதன் கோபாலபுரத்து வீட்டின் போர்டிகோவை அடைத்துக்கொண்டு நின்ற பழைய டிராக்டரின் பின்சக்கரத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

எண்பது வருஷத்து வண்டி. சாவியும் கிடையாது, பேட்டரியும் கிடையாது. முன்பக்கம் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றினால்தான் அதற்கு உயிர் வரும். வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு கிண்டியில் ஒரு பழைய இரும்புக் கடையிலிருந்து அதைப் பிடித்து வந்தார். பிளக் தேய்ப்பதும் ஆயில் மாற்றுவதுமாக ஒன்பது வருஷம் போனதே தெரியவில்லை.

அவருக்கு அது உயிர். ஜெயலக்ஷ்மிக்கு அது எட்டிக்காய். "மதுவந்தி கார் வாங்கியிருக்கா. பொண்ணு வந்தா நிறுத்த இடம் வேண்டாமா? ஒண்ணு அது இருக்கட்டும், இல்லேன்னா நான் இருக்கேன்" என்று போன வாரம் ஒரே பிடியாக நின்றாள். மனுஷர் வேறு வழியில்லாமல் விற்றுவிடுவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். விளம்பரம் போட்டது, ஆளைப் பிடித்தது எல்லாம் அவள்தான்.

"ஃபோன்ல அவர் சொன்னது ஞாபகம் இருக்கோல்லியோ? ஆறின இன்ஜினை அவர் முன்னாடிதான் கிளப்பணுமாம். சூடா இருந்தா எந்த இன்ஜினும் சட்டுனு கிளம்பிடுமாமே. முன்னாடியே ஓட்டிச் சூடேத்தி வெச்சிருந்தா, வந்த வழியே திரும்பிடுவாராம்."

"மூணு நாளா நான் கைப்பிடியையே தொடலை, போதுமா?"

வாசலில் கார் வந்து நின்றது. பெருங்குடியிலிருந்து வந்த ஆனந்தகுமார் பழைய வண்டிகள் சேர்ப்பவர். டிராக்டரைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"இன்னா சார், புதுசு மாதிரி வெச்சுக்கினு கீறீங்க! நம்ம கிட்ட டிராக்டர் மட்டும்தான் இல்லாம கீது. எத்தினி சுத்துல கெளம்பும்?"

"பொய் சொல்ல மாட்டேன். பத்துப் பன்னண்டு சுத்து ஆகும். மார்கழியில இருபதுகூட ஆகும்."

"அது போதும் சார். சுத்துங்க."

சுவாமிநாதன் பெட்ரோல் குழாயைத் திறந்தார். சோக்கை இழுத்தார். கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்து வைத்துக் கைப்பிடியைப் பிடித்தார். வளைத்துப் பிடித்தால் இன்ஜின் திருப்பி உதைக்கும்போது மணிக்கட்டு போய்விடும். இதுதான் கடைசித் தடவை என்று நினைத்தபடியே கீழிருந்து மேலே ஓர் இழு இழுத்தார்.

டபடபடபவென்று முதல் சுற்றிலேயே கிளம்பிவிட்டது!

சுவாமிநாதனே வாயைப் பிளந்துவிட்டார். ஆனந்தகுமார் மட்டும் சிரிக்கவில்லை. நேராகப் போய் ரேடியேட்டரில் கையை வைத்தவர், வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"இன்னா சார் இது? இப்போ கெளம்புன இன்ஜின் அதுக்குள்ள இம்மாம் சூடா கீதே! காலையிலயே ஓட்டிட்டு நிறுத்தி வெச்சீங்களா?"

"சத்தியமா நான் தொடலை சார்!"

"வாத்தியார்னு நம்பி வந்தேன். இதையே மறைக்கிறவரு இன்னும் இன்னான்னா மறைச்சிருப்பீங்களோ? எனக்கு வாணாம் சார்."

"எங்காத்துக்காரரைப் பொய்யர்னு சொல்ற வேலை வெச்சுக்காதீங்கோ!" என்று ஜெயலக்ஷ்மி குரலை உயர்த்தினாள். அதற்குள் கார் தெருமுனையைத் தாண்டிவிட்டது.

சுவாமிநாதன் இன்ஜினை நிறுத்திவிட்டுப் படியில் உட்கார்ந்தார். வண்டி போகவில்லை என்று சந்தோஷப்படக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"எத்தனையோ பசங்களுக்கு உண்மை பேசுன்னு சொல்லிக்கொடுத்தவனைப் பொய்யன்னுட்டுப் போயிட்டானே, ஜெயா. நான் தொடலைன்னு நீயாவது நம்பறியா?"

"நம்பாம என்ன?" ஜெயலக்ஷ்மி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவர் கையில் ஒட்டியிருந்த கிரீஸைத் தன் புடவைத் தலைப்பாலேயே துடைத்தாள். "விடிகாலம்பற நீங்க அதைக் கட்டிண்டு அழுதேளே, பார்த்துட்டேன். எனக்கு மனசு கேக்கலை. சித்த முன்னாடி நீங்க குளிக்கப் போனப்போ, ரேடியேட்டர்ல இருந்த பச்சைத் தண்ணியை வடிச்சுட்டு, ரெண்டு குடம் வெந்நீரைக் கொதிக்கக் கொதிக்க ஊத்தினது நான்தான்!"